சிறுகோள்கள் உடைந்து போன ஒரு கோளின் துண்டுகளா? ஏற்காட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள்

மலைப்பள்ளி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டு மலையில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் பாதிக்கு மேல் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மூடுபனி இல்லாத இரவில் வாசலில் நின்றாலே இவர்களுக்கு வானம் முழுக்கத் தெரியும். அதனால் வானவியல் பாடம் வந்தால் கேள்விகளுக்குப் பஞ்சமே இருக்காது.

போன வாரம் சூரியக் குடும்பம் நடத்தினேன். செவ்வாய் முடிந்து, சிறுகோள் பட்டையைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு வியாழனுக்குப் போகலாம் என்று இருந்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், அங்க முன்னாடி ஒரு கோள் இருந்துச்சாம், வெடிச்சுப் போச்சாம், அதோட துண்டுதான் இதெல்லாமாம். வீடியோவுல சொன்னாங்க" என்றாள். அவள் உட்காருவதற்குள் பின்பெஞ்சுப் பையன், "அவ்ளோ கல்லு இருந்தா ராக்கெட் எப்படி இடிக்காம போகுது?" என்றான். மூன்றாவதாக ஒரு பிள்ளை கேட்டதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது: "அது ஏன் டீச்சர் அங்கயே சுத்துது? இங்கல்லாம் வராதா?"

பாடப் புத்தகத்தில் இருப்பது இந்தக் கேள்விகளுக்குப் போதாது. இணையத்தில் தேடினால் தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி பயமுறுத்தும் வீடியோக்கள்தான். சின்னப் பிள்ளைகள்தானே என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளிக்க எனக்கு மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். கையில் எடுத்துக் காட்டும்படி, பிள்ளைகளே செய்து பார்க்கும்படி ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது.

ஓமலூர் இயற்பியல்

டீச்சர், ராக்கெட் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், சொந்த ஊர் ஓமலூர்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர்களை வைத்தே சொல்லலாம். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் இருக்கும் 15 கோடி கிலோமீட்டரை 10 கிலோமீட்டராகச் சுருக்கிவிடுங்கள். சூரியன் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் இருக்கட்டும். இந்தக் கணக்கில் அது 93 மீட்டர் அகலமுள்ள உருண்டை. பூமி கருப்பூர் தூரத்தில், 85 செ.மீ. அகலம். செவ்வாய் 15 கி.மீ. தள்ளி எங்கள் ஓமலூரில், 45 செ.மீ. வியாழன் 52 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட நாமக்கல். அது மட்டும் 9 மீட்டருக்கு மேல் அகலம், மூன்று மாடி வீட்டு உயரம் வரும்.

சிறுகோள் பட்டை இதில் 21 கிலோமீட்டரில் ஆரம்பித்து 33 கிலோமீட்டர் வரை போகும் வளையம். ரோட்டுத் தூரமாகவே வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் ராசிபுரம் அதற்குள் வரும், இன்னொரு பக்கம் உங்கள் ஏற்காடு வரும். பட்டையிலேயே பெரியதான செரஸ், அசலில் 940 கி.மீ. அகலம், நம் கணக்கில் 6 செ.மீ. சாத்துக்குடி. அது சூரியனிலிருந்து 27 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக்கொண்டிருக்கும்போது ரோட்டோரம் ஒரு சாத்துக்குடி கிடக்கிறது என்று சொல்லுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது இடிப்பது பற்றி. பட்டையில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பெரிய கற்கள் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கேட்க ஏகப்பட்டது போல இருக்கும். ஆனால் இரண்டு கற்களுக்கு நடுவே சராசரியாக 10 லட்சம் கிலோமீட்டர் வெட்டவெளி. நம் கணக்கில் ஒவ்வொரு கல்லும் தலைமுடி தடிமன், பக்கத்துக் கல் 67 மீட்டர் தள்ளி. அதில் எதையாவது போய் இடிக்க வேண்டுமென்றால்தான் கஷ்டப்பட வேண்டும். 1972 மார்ச்சில் கிளம்பிய பயனியர் 10 விண்கலம் முதல்முதலாக அந்தப் பட்டையைக் கடந்தது. அப்போது நிஜமாகவே பயம் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத தூசு அடித்தே ஓட்டை போட்டுவிடுமோ என்று. 1973 பிப்ரவரியில் சேதமில்லாமல் வெளியே வந்துவிட்டது. அதன் பிறகு போன எந்த விண்கலமும் அங்கே இடித்துக்கொண்டதில்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி கல் மழைக்குள் வளைந்து வளைந்து ஓட்டுவதெல்லாம் கிடையாது.

வெடித்த கோள் கேள்விக்கு இங்கே ஒருவர் இருக்கிறார். சுரங்கத்து ஐயா, வாங்க.

சுரங்கத்தான்

தம்பி கூப்பிட்டதற்கு நன்றி. டீச்சரம்மாவுக்கு வணக்கம்.

நான் சேலம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாமாங்கம், வெள்ளக்கல்பட்டி பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், மேக்னசைட் எடுத்த பள்ளங்களும் குவித்து வைத்த மண்மேடுகளும். ஆயுளெல்லாம் கல்லைப் பார்த்துப் பார்த்து, வானத்துக் கல் மேலும் ஆசை வந்துவிட்டது. கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன்.

அந்தப் பெண் பிள்ளை சொன்னது புத்தியில்லாத பேச்சு அல்ல. 200 வருஷத்துக்கு முன்னால் பெரிய வானியலாளர் ஒருவரே அப்படித்தான் நினைத்தார். 1801 ஜனவரி 1 அன்று சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாஸி என்பவர் செரஸைக் கண்டுபிடித்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இடம் காலியாக இருக்கிறதே, ஒரு கோள் இருக்க வேண்டுமே என்று ஐரோப்பாவில் பலர் தேடிக்கொண்டிருந்த சமயம். சரி, கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். அடுத்த வருஷமே ஓல்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் கிட்டத்தட்ட அதே தூரத்தில் பல்லஸைக் கண்டுபிடித்தார். ஒரே இடத்தில் எப்படி இரண்டு? அப்படியானால் இது உடைந்த கோளின் துண்டாகத்தான் இருக்கும் என்று ஓல்பர்ஸ் சொன்னார். 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா என்று மேலும் கிடைக்கக் கிடைக்க அந்த எண்ணம் பலப்பட்டது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நியாயமான யோசனைதான்.

ஆனால் அது நிற்கவில்லை. முதல் காரணம் எடை. பட்டையில் உள்ள மொத்தக் கல்லையும் அள்ளி ஒரே உருண்டையாகப் பிடித்தால் நம் நிலாவின் எடையில் நூற்றில் மூன்று பங்குதான் தேறும். அதிலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் செரஸ் ஒன்றே எடுத்துக்கொள்கிறது. இது ஒரு கோளுக்குப் போதாது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது கல் சொல்லும் சாட்சி. பூமியில் விழும் விண்கற்களில் மிகப் பெரும்பாலானவை சிறுகோள்களிலிருந்து வந்தவை. அவற்றில் இருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின், விகிதத்தை அளந்து பார்த்தால் வகைக்கு வகை மாறுகிறது. ஒரே கோளுக்குள் கிடந்த கற்கள் என்றால் ஒரே கணக்கில் வர வேண்டும், பூமிக் கல்லெல்லாம் அப்படித்தான் வருகிறது. விண்கற்களோ நூறு வெவ்வேறு தாய்க்கற்களாவது இருந்திருக்க வேண்டும் என்று சொல்கின்றன. அதில் சிலது உள்ளே உருகி, இரும்பு அடியில் இறங்கி, மேலே எரிமலைக் குழம்பு ஓடியவை. வெஸ்டா அந்த மாதிரி. சிலது ஒருநாளும் உருகாமல், 456 கோடி வருஷத்துக்கு முன் சேர்ந்த பொடி சேர்ந்தபடியே இருப்பவை.

அப்படியானால் அங்கே ஏன் கோள் உருவாகவில்லை? வியாழன் உருவாக விடவில்லை. சூரியனைச் சுற்றியிருந்த தூசும் கல்லும் மெதுவாக ஒன்றோடொன்று தட்டி, ஒட்டி, பெரிதாகித்தான் பூமியும் செவ்வாயும் வந்தன. ஒட்ட வேண்டுமானால் மெதுவாக மோத வேண்டும். வியாழன் சீக்கிரமே பூதாகாரமாக வளர்ந்து, பக்கத்தில் இருந்த கற்களை இழுத்து, அவற்றின் பாதையைக் கோணலாக்கி, வேகத்தைக் கூட்டிவிட்டது. இன்றைக்கு அந்தப் பட்டையில் இரண்டு கல் மோதினால் சராசரியாக விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் ஒட்டாது, நொறுங்கும். அங்கே ஒரு காலத்தில் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ அதிகமான கல் இருந்தது, பெரும்பகுதி துரத்தப்பட்டுப் போய்விட்டது. எனவே டீச்சரம்மா, "துண்டுகள்" என்று பிள்ளை சொன்னதில் பாதி சரி. நிறைய சிறுகோள்கள் உடைந்த துண்டுகள்தான். உடைந்தது ஒரு பெரிய கோள் இல்லை, கோளாக முடியாமல் நின்றுபோன பல சின்ன உருண்டைகள்.

மூன்றாவது பிள்ளை கேட்ட "ஏன் அங்கயே" என்பதற்கும் இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. எந்தத் தூரத்தில் எந்தக் கல் என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பட்டையின் உள் பக்கம், செவ்வாயை ஒட்டி, வறண்ட சிலிக்கேட் கற்கள் அதிகம். வெளிப் பக்கம் போகப் போகக் கருகருவென்று கரி மாதிரி இருக்கும், கார்பனும் நீர் கலந்த களிமண் கனிமங்களும் கொண்ட கற்கள். இந்தக் கரும் வகைதான் மொத்தத்தில் முக்கால்வாசி. சூரியனிலிருந்து ஓரளவு தூரம் தள்ளிப் போனால்தான் தண்ணீர் பனிக்கட்டியாக நிற்க முடியும், அந்த எல்லை ஆரம்ப காலத்தில் ஏறத்தாழ இந்தப் பட்டைப் பக்கம்தான் இருந்தது.

இப்போது நம் சேலத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் சுரங்கத்துக் கல்லை நீங்கள் ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அடிக்கல் டூனைட். ஆலிவின் என்ற கனிமமே பெரும்பகுதியாக இருக்கும் கல், பூமியின் ஆழத்தில் மேன்டில் என்கிறோமே, அங்கத்திய சரக்கு. வெளித்தோல் வெயில் மழை பட்டு மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி உடைத்தால் உள்ளே கரும்பச்சை. அதன் குறுக்கே வெள்ளை நரம்புகள் ஓடும், நூல் தடிமனிலும் ஓடும், கை அகலத்திலும் ஓடும், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு வலை மாதிரி போகும். அதுதான் மேக்னசைட். உடைத்த இடம் பீங்கான் கோப்பை உடைந்த மாதிரி வழவழவென்று வளைவாக இருக்கும். பெண்கள் உட்கார்ந்து சின்னச் சுத்தியலால் கொத்திக் கொத்தி வெள்ளையை மட்டும் பிரித்தெடுப்பார்கள். அவர்கள் கை பட்ட கல்லில் ஒரு பச்சைத் துணுக்கு ஒட்டியிருக்காது. அந்தக் கை நேர்த்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த வெள்ளை நரம்பு எப்படி வந்தது? ஆலிவினில் மக்னீசியம் ஏராளம். கரியமில வாயு கலந்த தண்ணீர் விரிசல் வழியாகப் போய் அந்தக் கல்லைத் தின்று, மக்னீசியம் கார்பனேட்டாகப் படிந்திருக்கிறது. தண்ணீரும் கரியமில வாயுவும் ஆலிவினும் சேர்ந்தால் நடக்கும் வேலை.

ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் ரியூகு என்ற சிறுகோளுக்குப் போய், 2020 டிசம்பரில் 5.4 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. ரியூகு 900 மீட்டர் அகலம்தான், ஒரு பெரிய தாய்க்கல் உடைந்து வந்த கருப்புத் துண்டு. அந்த மண்ணில் என்ன கிடைத்தது தெரியுமா? ஆலிவின் தண்ணீரில் மாறி உண்டான செர்ப்பன்டைன், அதோடு கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட்டான டோலமைட், அதோடு இரும்பு கலந்த மேக்னசைட். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாங்கள் வெடி வைத்து எடுத்த அதே குடும்பத்துக் கனிமம், சூரியக் குடும்பம் பிறந்த புதிதில், கோளாகாத ஒரு கல்லுக்குள் பனி உருகிய தண்ணீர் ஓடி, விளைந்திருக்கிறது. செரஸிலும் இப்படித்தான். 2015இல் டான் விண்கலம் அங்கே போனபோது ஆக்கேட்டர் என்ற பள்ளத்தில் பளிச்சென்று தெரிந்த வெள்ளைத் திட்டு சோடியம் கார்பனேட், உப்பு நீர் உள்ளேயிருந்து கசிந்து மேலே வந்து காய்ந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சேலத்து மேக்னசைட் வானத்திலிருந்து விழுந்ததில்லை. இது பூமியில் விளைந்தது, அது அங்கே விளைந்தது. வேதியியல்தான் ஒன்று.

பிள்ளைகள் கையில் கொடுக்க எது வேண்டும் என்று கேட்டீர்களே. டூனைட் ஒரு துண்டு, வெள்ளை நரம்பு ஓடிய துண்டு ஒன்று, நான் தருகிறேன்.

ஆத்தூர் தொலைநோக்கி

சுரங்கத்தார் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கஞ்சமலையை விட்டுவிட்டீர்களே ஐயா! அங்கே இருக்கும் மேக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் ரியூகு மண்ணில் உண்டு.

டீச்சர், நான் ஆத்தூரில் கடை வைத்திருக்கிறேன், இரவில் வானம் பார்ப்பவன். பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். சிறுகோள் கண்டுபிடிப்பது வெளிநாட்டார் வேலை என்று அவர்கள் நினைக்க வேண்டியதில்லை. 1861இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் இருந்து நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்றே பெயர், 67ஆம் எண். அவர் சென்னையிலிருந்து கண்டுபிடித்தவற்றில் 1866இல் கிடைத்த சில்வியாவும் ஒன்று. அதற்கு இரண்டு குட்டி நிலாக்கள் இருப்பது 2005இல் தெரியவந்தது. ஒரு சிறுகோளுக்கு இரண்டு நிலா என்று தெரிந்தது அதுதான் முதல் முறை.

அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து எதுவும் இல்லை. 1988 பிப்ரவரியில் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் குழுவினர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 4130ஆம் எண், பெயர் ராமானுஜன், நம் கணித மேதை பெயர். உங்கள் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே கிடக்கும் அதே கிழக்குத் தொடர்ச்சி மலைதான் ஜவ்வாது மலையும். திருப்பத்தூர் போய் ஏறினால் காவலூர். மேல்வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள், அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டு.

பார்ப்பதற்கு வெஸ்டாதான் வசதி. பட்டையிலேயே பிரகாசமானது. 16, 17 மாதத்துக்கு ஒரு முறை சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரும், அந்தச் சில வாரங்களில் சாதாரண 10×50 பைனாகுலரில் நன்றாகத் தெரியும். ஏற்காட்டு இருட்டில் நல்ல கண் உள்ள பிள்ளைக்கு வெறுங்கண்ணிலேயே மங்கலாகத் தெரியும் நாளும் உண்டு. பார்த்தால் ஒரு சின்ன நட்சத்திரம் போலத்தான் இருக்கும், அதனால் பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். வெஸ்டா இருக்கும் இடத்தைச் சுற்றி பைனாகுலரில் தெரியும் எல்லாப் புள்ளிகளையும் ஒரு தாளில் குறிக்கட்டும். இரண்டு மூன்று இரவு கழித்து அதே இடத்தை மறுபடி வரைந்து பக்கத்தில் வைத்தால், ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருக்கும். பியாஸி செய்தது இதைத்தான். ஏரிப் பக்கமும் லேடீஸ் சீட் பக்கமும் வெளிச்சம் அதிகம், போகாதீர்கள். தோட்டத்துப் பக்கமாகவே பாருங்கள்.

மலைப்பள்ளி டீச்சர்

இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எல்லோருக்கும் நன்றி. ஓமலூர்த் தம்பி சொன்ன கணக்கை நேற்றே கரும்பலகையில் போட்டேன். "நம்ம ஊரு சிறுகோள் பட்டையிலயா இருக்கு" என்று ஒரே சந்தோஷம். வளைவுக்கு வளைவு சாத்துக்குடி தேடுகிறார்கள்.

ஆனால் மூன்றாவது கேள்வி கேட்ட பிள்ளை விடவில்லை. "விண்கல் பூமியில விழுதுன்னா அது அங்கயே இல்லையே டீச்சர், கிளம்பி வருதே, எப்படி?" என்கிறாள். நியாயம்தானே. இன்னொன்று, 2029இல் ஒரு சிறுகோள் பூமியில் மோதும் என்று யாரோ சொல்லி இரண்டு பிள்ளைகள் நிஜமாகவே பயந்து போயிருக்கிறார்கள். அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

சுரங்கத்தான்

கெட்டிக்காரப் பிள்ளை. அவளுக்கு நேரடியாகவே சொல்லுங்கள்.

பட்டை முழுக்க ஒரே சீராகக் கல் இல்லை. நடுநடுவே வெறுமையான இடைவெளிகள் உண்டு. 1866இல் டேனியல் கிர்க்வுட் என்ற அமெரிக்கர் அதைக் கவனித்தார். நம் தம்பியின் கணக்கில் 25ஆவது கிலோமீட்டரில் ஒரு இடைவெளி. அங்கே ஒரு கல் இருந்தால், வியாழன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது சரியாக மூன்று சுற்றுச் சுற்றும். அதனால் வியாழன் அதை ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் பிடித்து இழுக்கும். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் உயரம் ஏறிக்கொண்டே போகிறதே, அதுபோல அந்தக் கல்லின் பாதை நீண்டுகொண்டே போய் செவ்வாயின் பாதையை வெட்டும், பிறகு பூமியின் பாதையையும் வெட்டும். அங்கே இருந்த கற்களெல்லாம் இப்படித்தான் காலியாயின.

காலியான இடத்துக்குப் புதுக் கல் எப்படி வருகிறது என்று அவள் கண்டிப்பாகக் கேட்பாள். இரண்டு வழி. மோதி நொறுங்கும் துண்டுகள் சிதறி வந்து விழும். இன்னொன்று வெயில். சூரியன் பட்டுச் சூடான பக்கம், கல் சுழலும்போது நிழலுக்குத் திரும்பி, வாங்கிய சூட்டை வெளியே விடும். அந்த வெப்பம் வெளியேறும்போது கல்லை மயிரிழை அளவுக்குப் பின்னால் தள்ளும். பென்னு என்ற அரை கிலோமீட்டர்க் கல்லில் இதை அளந்திருக்கிறார்கள். அதன் பாதை வருஷத்துக்குச் சுமார் 284 மீட்டர் சூரியனை நோக்கி உள்ளே நகர்கிறது. பத்துக் கோடி வருஷம் இப்படி நகர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். வேகம் என்றும் ஒரே மாதிரி இருக்காது, ஆனாலும் அந்தப் பெருக்கலைப் போட்டால் விஷயம் மண்டையில் ஏறிவிடும்.

எல்லாமே இந்தப் பட்டையில் மட்டும் இருப்பதாகவும் நினைக்க வேண்டாம். வியாழனின் பாதையிலேயே, அதற்கு முன்னே 60 பாகையிலும் பின்னே 60 பாகையிலும் இரண்டு பெரிய கூட்டங்கள் வியாழனோடு சேர்ந்து சுற்றுகின்றன. அவற்றில் முதல் கல் 1906இல் தெரியவந்தது. துரத்துகிற வியாழனே அங்கே காவல் காக்கிறது. லூசி என்ற விண்கலம் 2021இல் அங்கே கிளம்பிவிட்டது, 2027 ஆகஸ்டில் முதல் கல்லைச் சேரும்.

ஆத்தூர் தொலைநோக்கி

2029 விஷயம் நான் சொல்கிறேன். அந்தக் கல்லின் பெயர் அபோபிஸ், சராசரியாக 350 மீட்டர் வாக்கில் அகலம். 2004இல் கண்டுபிடித்த புதிதில் மோதலாம் என்று ஒரு சின்ன வாய்ப்பு இருந்தது உண்மை. பிறகு ரேடாரில் அளந்து, 2021இல் அடுத்த நூறு வருஷத்துக்காவது மோதவே மோதாது என்று உறுதி செய்துவிட்டார்கள். 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில் கடந்து போகும். நம் டிவி செயற்கைக்கோள்கள் 36,000 கிலோமீட்டரில் இருக்கின்றன, அவற்றைவிடக் கிட்டத்தில். அது மிக நெருங்கும் நேரம் நம் கடிகாரப்படி 14ஆம் தேதி அதிகாலை 3 மணி சுமாருக்கு, தமிழ்ப் புத்தாண்டு விடிகிற நேரம். உலகின் பல பகுதிகளில் வெறுங்கண்ணுக்கே ஒரு நட்சத்திரம் நகர்வது போலத் தெரியும். பயப்பட வேண்டிய நாள் இல்லை, காத்திருந்து பார்க்க வேண்டிய நாள் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

ஆபத்தே கிடையாது என்று பொய் சொல்லவும் வேண்டாம். 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேல் 20 மீட்டர்க் கல் ஒன்று வானிலேயே வெடித்து, ஜன்னல் கண்ணாடி தெறித்துச் சுமார் 1500 பேருக்குக் காயம். 6.6 கோடி வருஷத்துக்கு முன் 10 கிலோமீட்டர்க் கல் விழுந்து டைனோசர்கள் போயின. ஆனால் இன்றைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ள, பூமிப் பக்கம் வரும் கற்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கண்டுபிடித்துக் கணக்கில் வைத்தாயிற்று. 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலத்தை டைமார்பஸ் என்ற 160 மீட்டர்க் கல்லில் வேண்டுமென்றே மோதவிட்டார்கள். டைமார்பஸ் தன்னைவிடப் பெரிய இன்னொரு கல்லைச் சுற்றி வருவது, அப்படி ஒரு சுற்றுச் சுற்றும் நேரம் 11 மணி 55 நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிட்டது. கல்லைத் தள்ள முடியும் என்று தெரிந்துவிட்டது. முன்கூட்டியே பார்த்துவிட்டால் போதும்.

ஓமலூர் இயற்பியல்

அந்த "முன்கூட்டியே பார்ப்பதில்" உங்கள் பிள்ளைகளே சேரலாம் டீச்சர். சர்வதேச சிறுகோள் தேடல் கூட்டமைப்பு என்று ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடங்களுக்கு இலவசம். ஹவாயில் இருக்கும் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களை அனுப்புவார்கள். ஒரே இடத்தைச் சில நிமிஷ இடைவெளியில் எடுத்த நான்கு படங்கள். அஸ்ட்ரோமெட்ரிகா என்ற மென்பொருளில் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கும், ஒரு புள்ளி மட்டும் நேர்க்கோட்டில் தாவித் தாவிப் போகும். அதைக் குறித்து அனுப்ப வேண்டும். இந்தியாவில் பல பள்ளிகள் செய்கின்றன. விண்டோஸ் உள்ள ஒரே ஒரு கம்ப்யூட்டர் போதும், படங்களை இறக்கிக்கொள்ள மட்டும் நெட் வேண்டும். மலையில் சிக்னல் தகராறு என்றால் நான் இங்கே இறக்கி பென் டிரைவில் தருகிறேன். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்கும், அதை நிரப்பவும் உதவுகிறேன்.

மலைப்பள்ளி டீச்சர்

தம்பி, கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது, ஓடுகிறது. விண்ணப்பத்துக்கு உங்களைத் தனியாகத் தொடர்பு கொள்கிறேன்.

சுரங்கத்து ஐயா, சனிக்கிழமை சேலம் இறங்குகிறேன். கல்லை எங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும்?

சுரங்கத்தான்

அஸ்தம்பட்டிக்கே கொண்டுவந்து தருகிறேன் அம்மா, நீங்கள் ஏற்காடு பஸ் ஏறும் இடத்தில். நரம்பு ஓடிய டூனைட் ஒன்று, தனி மேக்னசைட் ஒன்று, அதோடு சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒன்றும் எடுத்து வைக்கிறேன். வெள்ளைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டுக் காட்டுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும். மேக்னசைட் அசையாது, பொடியாக்கிச் சூடு காட்டினால்தான் நுரைக்கும். சிறுகோள் மண்ணில் எந்தக் கார்பனேட் என்று கண்டுபிடிக்க அங்கே பெரிய பெரிய கருவி வைத்திருக்கிறார்கள், நமக்கு ஒரு சொட்டு அமிலத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். அமில பாட்டிலைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நீங்களே விடுங்கள். உடைப்பதென்றால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடைக்கச் சொல்லுங்கள், டூனைட் சில்லு ரொம்பக் கூர்மை.